சிவப்பாய் ஒரு ஊர்

விக்கியில் தலைப்பின் இரு பக்கமும் போடவேண்டிய சமக்குறிகளில் ஒன்று விடுபட்டதில் உபதலைப்பு தலைப்பாகாமல் பந்தியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கஜனி அதைத் திருத்திவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். கிளிநொச்சியில் விக்கிப்பீடியாப் பட்டறைக்குப் போய்வந்த பிறகு அவள் எழுதிய முதல் கட்டுரை அது. தங்கள் ஊரான வேம்படிக்குளத்தைப் பற்றியது.

வயலால் வந்த விஜிதரன் கால் கழுவிய ஈரத்தோடேயே கதிரையில் இருந்து வாசித்தான். அடிக்குறிப்புகள், நீல நிற இணைப்புகள், குளத்தின் படம். வாசிக்க வாசிக்க அவன் முகத்திலிருந்த சிரிப்பு குறைந்துகொண்டே போனது.

“வடிவா இருக்கு. குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ஆக்கள், கோயில், பள்ளிக்கூடம், எல்லாம் இருக்கு. வாய்க்காலுக்கு அங்கால ஆக்களே இல்லைப் போல.”

வாய்க்காலுக்கு அங்கால் முதிரைக்காடு. மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, காடு வெட்டிக் குடியேறிய விஜிதரனின் ஆட்கள். அந்த வாய்க்காலைத் தாண்டி இவனைக் கட்டியதற்காகத்தான் கஜனியின் தகப்பன் இன்றைக்கும் அவளோடு கதைப்பதில்லை.

“வேணுமெண்டு விடேல்லையப்பா. சான்று இல்லாமல் எழுதினா அழிச்சுப்போடுவினம். எனக்குக் கோயில் மலர்ப் புத்தகம்தான் கிடைச்சுது. அதில உங்கட ஆக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.”

“மலரில ஊர் வரலாறு எழுதினது உங்கட அப்பாதானே?”

கோபமில்லாமல்தான் கேட்டான். கஜனிக்கு முகம் சுட்டது. அப்பா விட்டதை அவளும் விட்டிருக்கிறாள், அடிக்குறிப்போடு.

“நாளைக்கு அம்மா வருவா. மருமகள் எங்கட ஊரைக் கொம்பியூட்டரில ஏத்திறாள் எண்டு சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. அவாவுக்கு இதைக் காட்டாதையும்.”

அவன் எழும்பினான். கஜனி அவன் கையைப் பிடித்து இருத்தினாள். பிறகு கட்டுரையின் இரண்டாம் பந்தியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். வாய்க்காலுக்கு மேற்கே, மலையகத்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய முதிரைக்காடு இருக்கிறது. இணைப்பாகட்டும் என்று ஊர்ப்பெயரைச் சதுர அடைப்புக்குள் வைத்தாள். ‘சான்று தேவை’ என்ற குறிப்பையும் தானே போட்டுச் சேமித்தாள்.

பெயர் சிவப்பாய் வந்தது.

“ஏன் சிவப்பு? பிழையோ?”

“பிழையில்லை. அந்த ஊருக்கு இன்னும் பக்கம் இல்லை எண்டு காட்டுது.”

“நிற்குமோ?”

“தெரியாது. நாளைக்கே அழிச்சாலும் அழிப்பினம்.”

விஜிதரன் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை அமத்தினான். எழுதுவதற்கென்று வெள்ளையாய் ஒரு பக்கம் திறந்தது. விரல்களைச் சாரத்தில் துடைத்துவிட்டு, முதல் எழுத்து எங்கே இருக்கிறதென்று தட்டச்சுப் பலகையில் தேடத் தொடங்கினான்.