கூட்டாத முற்றம்

உருத்திரபுரம் எட்டாம் வாய்க்காலில், வீரபாகுவின் மகள் சிவரூபியும் மருமகன் ஜனார்த்தனனும் இங்கிலாந்துக்குப் போன ஒன்பதாம் நாள் காலையில், அவர்கள் இருவருடைய காலடிகளும் வீட்டு முற்றத்தில் புதிதாகப் பதிந்திருந்தன. இது இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம் நடந்தது. அந்தக் கிழமை, அறுவடையான காலபோக நெல்லின் விலை இறங்கியிருந்தபடியால் ஊரில் பெரும்பாலானோர் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். சிவரூபியின் தடத்தில் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். இடது சின்னவிரல் மண்ணில் படாது. குளிர் நாட்டில் அவள் சப்பாத்துப் போட்டுத்தான் நடந்திருப்பாள். ஆனாலும் முற்றத்தில் பதிந்தது வெறுங்கால்தான். ஜனார்த்தனனுடையது சப்பாத்துத் தடம், அடியில் அலை அலையாகக் கோடு. பயணத்துக்கென்று ஒரே மாதிரி இரண்டு சோடி வாங்கி, பெட்டியின் நிறை கூடியதால் ஒன்றை அலுமாரியில் விட்டுப் போயிருந்தான். தாய் பூமணி குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை மெலிஞ்சிட்டாள், குதி ஆழமாப் பதியேல்லை" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது நாளாகியும் முற்றம் கூட்டப்படாமல் கிடந்ததற்குக் காரணம் வீரபாகு. பயணம் போனவர்கள் போய்ச் சேரும்வரை வாசல் கூட்டக்கூடாது. கூட்டினால் அவர்களுடைய வழியையும் சேர்த்துக் கூட்டியதாகிவிடும். மற்ற வீடுகளில் கொழும்பு பஸ் மாங்குளத்தைத் தாண்டியதும் பெண்கள் விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள். வீரபாகு அப்படிப்பட்டவர் அல்ல. முப்பத்தொரு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து, ஒரு பிடி சீனி குறையாமல் ஒப்படைத்துவிட்டு வந்தவர்; பிள்ளையார் கோயில் பரிபாலன சபையின் தலைவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஏழு மாதத்திலும் சோற்று வரிசையில் அவர் தட்டு நீட்டியதில்லை. பூமணிதான் நீட்டினாள்.

விமானம் இறங்கிய அன்று மகள் தொலைபேசியில், "வந்து இறங்கீட்டம் அப்பா. ஆனா இன்னும் போய்ச் சேரேல்லை. நாளைக்கு வேறை ஊருக்குப் போகச் சொல்லுகினம்" என்றாள். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லு என்றார் வீரபாகு. மூன்று கிழமை கழித்து அவள் தொலைபேசி எடுத்தபோது வடக்கே ஒரு கடலோர நகரத்தில், ஏழு பேர் இருக்கும் வீட்டில் ஒரு அறை கிடைத்திருந்தது. இதை எங்கடை இடம் எண்டு சொல்லேலாது அப்பா, ஆறு மாசத்திலை மாறிடுவம் என்றாள். வார்த்தையை வார்த்தையாகவே எடுக்கிற மனிதர், அவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்தார். கூட்டாத முற்றம் பெண்ணில்லாத வீட்டுக்கு அடையாளம் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அந்த அவமானத்தையும் அவர் முதுகு வளையாமல் தாங்கினார். வேப்பிலைச் சருகுகளைப் பூமணி தடங்களுக்கு நடுவே கால்வைத்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினாள்.

தடங்கள் பதிவதை ஒருவரும் கண்டதில்லை. விடிந்ததும் முதல்நாள் பாடு முழுவதும் முற்றத்தில் கிடக்கும். பூமணிதான் அதை வாசிக்கப் பழகினாள். விறாந்தைப் படியிலிருந்து வேலிப் படலைவரை மகளின் கால் நேராகப் போனால், அது வேலைக்குப் புறப்பட்டது. படலையடியில் கால் மாற்றிக் கால் மாற்றி மண் கிண்டிக் கிடந்தால், அது குளிருக்குள் பஸ்ஸுக்கு நின்றது. கிணற்றடிப் பக்கம் நாலு எட்டு வைத்து, திரும்பி, மறுபடி நாலு எட்டு வைத்திருந்தால், அது ஏழு பேருக்குச் சமைக்க ஒரே குசினி உள்ள வீட்டில் தன் முறைக்குக் காத்திருந்தது. கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த ஜனார்த்தனனுக்கு அங்கே கோழி உரித்து அடைக்கும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அவன் இரவு பதினொன்றரைக்கு வருவான். அவள் விடிய ஐந்தரைக்குப் போவாள். முதலாம் ஆண்டில் அவள் நித்திரை முழித்து அவனுக்காக வாசல்வரை வந்து நின்றாள். அவனுடைய சப்பாத்தும் அவளுடைய வெறுங்காலும் நுனி முட்ட எதிரெதிரே பதிந்திருக்கும். அந்த இடத்தைப் பூமணி ஒரு மாவிலையால் மூடிவிடுவாள்.

வேலைக்குப் போகும் தடத்துக்கும் வரும் தடத்துக்கும் நடுவே, மாமரத்தடியில், இன்னொரு வகைத் தடம் கிடந்தது. குதிகள் ஆழப் புதைந்து, பக்கவாட்டில் சிறு சிறு எட்டாக, பாதி வட்டம் சுற்றியிருக்கும். ஊர்ப் பெண்கள் நடனம் என்றார்கள். தன் மாமியாரை நாலு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்த பூமணிக்கு அது தெரிந்த கால். "இஞ்சேருங்கோ, இது ஏலாத ஆளைக் கட்டிலாலை கதிரைக்குத் தூக்கி மாத்திற கால்" என்றாள். சிவரூபி இங்கே பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சம்பளமில்லாத ஐந்தாண்டு விடுமுறையில் போனவள். அங்கே ஆஸ்பத்திரிக் கந்தோரில் வேலை என்று வீரபாகு கோயில் சபையில் சொல்லியிருந்தார். "தெரியும்" என்றார் அவர். "வெளியிலை கதையாதையும்."

அவ்வருட மாரியில் ஊரெல்லாம் சேறானபோதும் தடங்கள் கரையவில்லை. மார்கழி நடுவில் ஒரு காலை, தடங்களுக்குள் தேங்கிய மழைத்தண்ணீர் மட்டும் கண்ணாடிபோல உறைந்திருந்தது. எதிர்வீட்டுப் பரமேஸ்வரன் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றார். அது கடலோரத்து ஊர் என்று வீரபாகு விளக்கம் சொன்னார். பரமேஸ்வரனுக்கு இடது முழங்காலில் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. காலை இழுத்துத்தான் நடப்பார். நாக்குக்கு அந்தக் குறை இல்லை. இரண்டாம் ஆண்டில் படலையடியில் சப்பாத்து மட்டும் தனியே வந்து போனதை ஊரில் முதலில் கவனித்தவர் அவர்தான்.

"அண்ணை, மருமோன் வாற நேரம் பிள்ளை வாசலுக்கு வாறேல்லைப் போல."

"அவளுக்கு விடிய வேலை. நித்திரை கொள்ள வேண்டாமோ?"

"கொள்ளட்டும், கொள்ளட்டும். எங்கடை வீட்டுக்காரியும் முப்பது வருசமா வாசலுக்கு வாறேல்லை. நித்திரைதான் காரணமெண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஐப்பசியில் ஒரு நாள், அதுவரை படலையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பிய சப்பாத்து, வலப்பக்கம் திரும்பியது. பிறகு அது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவரூபி எடுத்தாள்.

"அவர் லண்டன் பக்கம் போட்டார் அப்பா. வேலை பாத்திட்டு எடுக்கிறன் எண்டவர். இப்ப போனைத் தூக்கிறாரில்லை. எனக்கு லீவு இன்னும் மூண்டு வருசத்துக்கு மேலை கிடக்கு. முதலே திரும்பினாலும் கந்தோரிலை எடுப்பினம். நான் வரட்டோ?"

"தனியவோ?"

"ஓம்."

"புருசனோடை போனனீ. புருசனோடை வா. எங்கடை குடும்பத்துப் பொம்பிளை ஒருத்தியும் இந்தப் படலையாலை தனியத் திரும்பி வந்ததில்லை."

"சரி அப்பா" என்றாள் அவள்.

வீரபாகு சொன்னது உண்மை. அவருடைய அக்கா மல்லாவியில் ஒரு குடிகாரனோடு இருபத்தாறு ஆண்டுகள் இருந்து அங்கேயே முடிந்தாள். ஒரு நாளும் தாய்வீட்டுக்கு வந்து நிற்கவில்லை. அது அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படுவது. ஆனால் ஊர் பழைய பெருமையைப் பார்ப்பதில்லை, முற்றத்தைத்தான் பார்க்கும். மூன்றாம் நாள் பரமேஸ்வரன் வேலியோரம் சைக்கிளை ஊன்றிக்கொண்டு, "சப்பாத்தைக் காணேல்லை அண்ணை" என்றார். "நாளைக்கு வரும்" என்றார் வீரபாகு. மறுநாள் காலை ஐந்து மணிக்கு, அவர் அலுமாரியில் கிடந்த மருமகனின் மற்றச் சோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படலையிலிருந்து விறாந்தைவரை நடந்தார். ஆயுளில் சப்பாத்துப் போடாத மனிதர். ஒரு அளவு சிறிதான அந்தச் சப்பாத்து இரண்டு குதிகளையும் உரித்தது. முதுகு மட்டும் எப்போதும்போல நேராக இருந்தது. அன்று எட்டாம் வாய்க்காலில் எல்லோருக்கும் திருப்தி.

அவர் நடக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள், மகளின் வெறுங்கால் பழையபடி படலைக்கு வந்திருந்தது. முதலாம் ஆண்டைப்போலவே சப்பாத்துக்கு எதிரே நுனி முட்ட நின்றிருந்தது. பூமணி பழக்கத்தில் மாவிலை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு கிட்ட வந்தாள். கிணற்றடியில் புருசன் குதிப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டாள். இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து ஆறு மாதம் அவள் அவரோடு சோறு, தண்ணீர் தவிர வேறு கதைக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்பன்று கைவிசேடக் காசு வாங்க அவர் முன் நின்றவள், வெற்றிலையை வாங்காமல், "உங்கடை மானத்துக்கு முற்றத்திலை நடவுங்கோ. ஆனா என்ரை பிள்ளையைக் கூப்பிட்டிட்டு நடவுங்கோ" என்றாள்.

வீரபாகு அன்று மத்தியானம் மகளுக்குத் தானே எடுத்தார். அறுபத்தொன்பது வயதில் முதல் தடவையாகச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்தார். "வா பிள்ளை. தனிய எண்டாலும் வா" என்றார்.

"இல்லை அப்பா" என்றாள் சிவரூபி. அவளுடைய குரலில் முதலாம் ஆண்டுக்குப் பிறகு கேட்காத ஒரு துடிப்பு இருந்தது. "அவர் வாறார். ஒவ்வொரு நாளும் பதினொண்டரைக்குச் சப்பாத்துச் சத்தம் கேக்குது. நான் இறங்கி வாசலுக்கு வர ஆளைக் காணேல்லை. என்னைப் பாக்க வெக்கப்படுறார் போல. ஒரு நாளைக்கு நிப்பார். அந்த நேரம் நான் இஞ்சை இல்லாட்டி எப்பிடி அப்பா?"

உருத்திரபுரத்தில் காலை ஐந்து மணி என்பது இங்கிலாந்தில் இரவு பதினொன்றரை என்பதை வீரபாகு அப்போதுதான் கணக்குப் பார்த்தார். அங்கே பங்குனிக் கடைசியில் மணிக்கூட்டை மாற்றியபோது, தனக்குத் தெரியாமலே ஒரு மணித்தியாலம் முன்னதாக எழும்பத் தொடங்கியிருந்ததும் நினைவுக்கு வந்தது. அது நான்தான் பிள்ளை என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அதைச் சொன்னால் தகப்பன் பொய்யன் என்பதை மகள் அறிவாள். கட்டினவன் வரவேயில்லை என்பதையும் அறிவாள். "அப்பா, லைனிலை நிக்கிறியளோ?" என்று அவள் கேட்டாள். "நிக்கிறன்" என்றார்.

அவர் நடப்பதை நிறுத்திப் பார்த்தார் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு நாள் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் காலை படலையடியில், மகள் நின்ற இடத்தில் மண் கணுக்கால் ஆழத்துக்குப் போயிருந்தது. அன்று வேலைக்குப் போன தடமும் இல்லை, திரும்பி வீட்டுக்குள் போன தடமும் இல்லை. பூமணி அந்தக் குழியைப் பார்த்தாள். பிறகு தானே போய் அலுமாரியைத் திறந்து, சப்பாத்தைத் துடைத்து, அவருடைய கதிரையடியில் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் முதல் அவர் மறுபடி நடந்தார். கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து, அதே அலைக்கோடு உள்ள அடி தேடிப் போடுவித்தார். ஆவணியில் மகளின் கந்தோரிலிருந்து, ஐந்தாண்டு முடிந்ததும் வேலைக்குத் திரும்புவாரா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதை அவர் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கார்த்திகையில் வீரபாகுவுக்குக் காய்ச்சல் கண்டு எழும்ப முடியாமல் போயிற்று. முதல்நாள் காலை ஐந்து மணிக்கு விறாந்தையில் யாரோ செருமிய சத்தம் கேட்டுப் பூமணி விளக்கைப் போட்டாள். பரமேஸ்வரன் நின்றார்.

"அக்கா, அந்தச் சப்பாத்தை எடுங்கோ. நேரம் போகுது."

அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. எப்போது தெரியும் என்று பூமணியும் கேட்கவில்லை. அவர் குனிந்து நூலைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அளவாத்தான் கிடக்கு. அண்ணைக்குக் கால் பெரிசு, தலை மாதிரி" என்றார். நாலு நாளும் அவர்தான் நடந்தார். நாலு நாளும் வெறுங்கால் படலைக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவரூபி எடுத்தபோது பூமணி தொலைபேசியைப் படுக்கையில் கிடந்தவரின் காதோடு பிடித்தாள்.

"அவருக்குக் காலிலை ஏதோ அப்பா. நாலு நாளா ஒரு காலை இழுக்கிற மாதிரிக் கேக்குது. ஆரிட்டை மருந்தெடுக்கிறாரோ தெரியேல்லை."

"குளிர் பிள்ளை" என்றார் வீரபாகு. "சுகப்பட்டிடும்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

மறுநாள் ஐந்து மணிக்கு வீரபாகு எழும்பிச் சப்பாத்தைக் கட்டினார். அன்று இடக்காலைக் கொஞ்சம் இழுத்தே நடந்தார். அதற்கடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ஒரு கிழமையில் நொண்டல் முற்றாக மாறிவிட்டது. அந்த மாதம் மழை நன்றாகப் பெய்தது. குளத்தின் வான்கதவைத் திறந்தார்கள். முற்றம் இன்னும் கூட்டப்படவில்லை.