தரைத்தளம் மட்டும்

என் அக்கா குடியிருந்த கட்டடத்தில் யாருமே குடியில்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது, இவன் மட்டும் என்ன யோக்கியன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். சத்தத்தை அளக்கும் கருவிகளைப் பராமரிப்பதும், முக்காலியில் ஏற்றித் தெருவோரம் நிறுத்துவதும், மழை வந்தால் நான் நனைந்துகொண்டு கருவிக்குக் குடை பிடிப்பதும் என் வேலை. ஆய்வகத்தில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. 'காது' என்பார்கள். "காது எங்கப்பா?" "காது சாப்பிடப் போயிருக்கு." பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

நகரத்தின் நடுவே போகும் மேம்பாலத்தின் சத்தம் எத்தனை பேரைப் பாதிக்கிறது, எங்கே தடுப்புச்சுவர் கட்டலாம் என்று மாநகராட்சி கேட்டிருந்தது. பொறியியல், இயற்பியல், நகரமைப்பு என்று மூன்று துறைகள் சேர்ந்த ஆய்வு. தலைவர் பொறியியல் பேராசிரியர். அவருக்குக் கீழே வரைபடம் போடும் ஆய்வு மாணவி. எல்லாருக்கும் கீழே நான். தெருத் தெருவாக நடந்து எந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. படிவத்தில் ஒரு கட்டடத்துக்கு ஒரு வரி. வீடு, கடை, அலுவலகம், காலி மனை. நான்கில் ஒன்றில்தான் குறி போடலாம்.

"கீழ கடை, மேல வீடுன்னா எதுல சார் போடுறது?" என்று முதல் நாளே கேட்டேன்.

பேராசிரியர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தரைத்தளத்துல என்ன இருக்கோ அதைப் போடு. தெருவுல நின்னு பாத்தா என்ன தெரியுதோ அது. எல்லா ஊர்லயும் இதான் முறை."

முறை என்றால் முறை. நான் யார் கேட்க?

மேம்பாலத்தின் தென்புறத்தில் இருந்தது அக்காவின் கட்டடம். கீழே குழாய், வாஷ்பேசின் விற்கும் கடை. மேலே இரண்டு மாடிகளில் பதினொரு குடும்பங்கள். அக்கா இரண்டாம் மாடியில், மேம்பாலத்தைப் பார்த்த ஜன்னல். அன்று மதியம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று அவள் வற்புறுத்த, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, 'கடை' என்று குறி போட்டேன். மாடியில் அவள் காயப்போட்ட துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. அந்தத் தெருவில் அப்படி முப்பத்தெட்டுக் கட்டடங்கள். முப்பத்தெட்டையும் கடையாக்கிவிட்டு, ஒரே நாளில் ஒரு தெருவை முடித்தேன் என்று பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

நான் எழுதியதைக் கணினி அப்படியே நம்பியது. வடபுறம் தோட்டம் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். அங்கே ஆயிரத்து நானூறு பேர். தென்புறம் கடைகள், அங்கே ஆளே கிடையாது. எனவே வடபுறத்தைக் காக்க, மேம்பாலத்தின் வடக்கு ஓரத்தில் நீளமாக, வழவழவென்று ஒரு கான்கிரீட் சுவர் எழுந்தது. வழவழப்பான சுவரில் பட்ட சத்தம் எதிர்ப்பக்கம் திரும்பும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். சுவரின் முகத்தில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் பதித்தால் திரும்பாது. இதுவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் எதிர்ப்பக்கம்தான் யாருமே இல்லையே, பலகை எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

சுவர் கட்டி முடிந்த வாரமே அக்கா போன் பண்ணினாள்.

"டேய், அந்தச் சுவரு உங்க ஆளுங்க வேலையா?"

"ஆமாக்கா. ஏன்?"

"நீயே வந்து பாரு. ஒரு மணி நேரம் படுத்துப் பாரு."

அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். வருடக்கணக்காக இரவு டூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பிற்பகல் மூன்றுக்கு எழுந்திருப்பாள். மேம்பாலத்துச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. அதோடு ஒருவழியாகச் சமாதானம் ஆகியிருந்தாள். நான் போனபோது ஜன்னலை அடைத்து அலமாரியை நகர்த்தி வைத்திருந்தாள். படுக்கை சமையலறைக்குப் போயிருந்தது. காதில் பஞ்சு, தலைக்கு மேல் தலையணை. கண்கள் இரண்டும் சிவந்து, பேசும்போதே வார்த்தை தடுமாறியது.

அலமாரியைத் தள்ளிவிட்டுக் கருவியை ஜன்னலில் வைத்தேன். சுவர் வருவதற்கு முன்பு, புதுக் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்க்க அதே ஜன்னலில் ஒரு நாள் அளந்திருந்தேன். அன்று அறுபத்தெட்டு டெசிபல். இன்று எழுபத்தொன்று.

"மூணுதானா கூடியிருக்கு?" என்றார் மாமா. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மதியம் வீட்டில் இருப்பார்.

"மூணுன்னா சாதாரணம் இல்ல மாமா. சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. இப்ப பாலத்துல ஓடுற வண்டி அத்தனையும் இன்னொரு தடவை சேர்ந்து ஓடுற மாதிரி."

"உங்க ஆய்வகத்துல காது இருக்குன்னு தெரியும் மச்சான். கண்ணு வைக்க மறந்துட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் என் பேனா போட்ட குறி ஞாபகம் வந்து, முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சொல்லவும் வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி வருகிறவளே இல்லை.

"நாலாம் படுக்கைப் புள்ளைக்குக் குடுக்க வேண்டிய ஊசி மருந்தை ஆறாம் படுக்கைப் புள்ளைக்கு ஏத்தப் போயிட்டேன்டா. அந்தப் புள்ளையோட அம்மாதான் கையைப் பிடிச்சா. 'சிஸ்டர், இவன் பேரு இது இல்லையே'ன்னா. பதினாறு வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. எனக்குத் தூக்கம் வேணும். இல்லன்னா வேலையை விடணும். இல்லன்னா வீட்டை விடணும். எதுன்னு நீயே சொல்லு."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நம்ம வீட்டையா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பத்து நாளில் ஆய்வின் மதிப்பாய்வுக் கூட்டம் இருந்தது. மாநகராட்சிப் பொறியாளர்கள் வருவார்கள். தென்புறத்திலும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்று அறிக்கையில் வந்துவிட்டால் சுவரில் பலகை பதித்தே ஆக வேண்டும். ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருந்தது. "பத்து நாள் பொறுத்துக்கோக்கா" என்றேன். விடுமுறை போட்டு முப்பத்தெட்டுக் கட்டடங்களிலும் மாடி ஏறினேன். கதவைத் தட்டித் தலையை எண்ணினேன். கைக்குழந்தைக்காரி, பரீட்சைக்குப் படிக்கிறவன், படுத்த படுக்கையாய் ஒரு பெரியவர், இரவு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இருபத்தாறு பேர். மொத்தம் அறுநூற்று நாற்பத்தேழு பேர். நீலக் காகிதத்தில் எழுதிய அந்தப் பட்டியலை மாணவியிடம் கொடுத்தபோது அவள் இரண்டு முறை படித்தாள். "சார்கிட்ட குடுக்கறேண்ணா" என்றாள். கொடுத்தும் இருக்கிறாள்.

கூட்டத்தன்று புரொஜெக்டருக்கு ஒயர் இழுத்துவிட்டுப் பின்வரிசையில் நின்றேன். குளிரூட்டிய அறை, கண்ணாடிக் குவளைகள், பிஸ்கட். வண்ண வரைபடம் திரையில் வந்தது. வடபுறம் பச்சை. தென்புறம் சாம்பல். அதன் மேலே எழுதியிருந்தது: 'தென்புறம் – பாதிக்கப்பட்ட குடியிருப்போர்: 0.'

பட்டியல் பேராசிரியரின் கோப்பிலேயே இருக்கிறது. நீலக் காகிதத்தின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது.

"சார், அந்தச் சைபர் தப்பு" என்றேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒயர் இழுக்க வந்தவன் பேசுகிறான்.

"காது, இது கேள்வி நேரம் இல்லப்பா" என்றார் பேராசிரியர், சிரித்த முகமாக.

"அங்க அறுநூத்து நாப்பத்தேழு பேர் இருக்காங்க சார். நான்தான் தப்பா எழுதினேன். நீங்கதான் அப்படி எழுதச் சொன்னீங்க. எண்ணிக் குடுத்திருக்கேன், உங்க கோப்புலயே இருக்கு."

இயற்பியல்காரர் தொண்டையைச் செருமினார். "கூடியிருக்கறது மூணு டெசிபல். மனுஷக் காதுக்கு அது சட்டுனு தெரியக்கூட தெரியாது."

"காதுக்குத் தெரியலன்னா தூக்கத்துக்கும் தெரியாதா சார்? எங்கக்கா நர்ஸ். பகல்லதான் தூங்கணும்."

மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் உண்மையிலேயே வருத்தத்தோடு சொன்னார்: "பகல்ல தூங்கறவங்களுக்குன்னு தனி அளவு எதுவும் இல்லீங்களே. ராத்திரிதான் தூக்கம்னு வெச்சுதான் அளவே போட்டிருக்கு." அவர் குழந்தை வார்டில் கிடந்தால் ராத்திரி யார் பார்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டும்விட்டேன். அதற்குள் யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்த, பேராசிரியர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் என் தோளில் கை போட்டார்.

"உன் ஆதங்கம் புரியுது. ஆனா நடுவுல முறையை மாத்தினா முதல்ல இருந்து எல்லாம் மாறிடும். மூணு கட்டுரை வெளியாகி இருக்கு. அந்தப் பொண்ணோட பட்டமே இதுலதான் நிக்குது."

"அப்ப அவங்க சார்?"

"ஆய்வின் எல்லைகள்னு ஒரு பகுதி இருக்கில்ல, அதுல ஒரு வரி சேர்த்துடறேன். அடுத்த கணக்கெடுப்புல மேல்தளத்துக்குத் தனிக் கட்டமே வெச்சிடலாம். உன் யோசனைதான். நன்றியுரையில உன் பேரைப் போடறேன்." கொஞ்சம் யோசித்தார். "உன் பேரு என்ன?"

அந்த ஒரு வரி அச்சில் வந்தது. நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: 'மேல்தளப் பயன்பாடு இவ்வாய்வில் கணக்கில் கொள்ளப்படவில்லை, எதிர்கால ஆய்வுகளில் கவனிக்கப்படலாம்.' அறுநூற்று நாற்பத்தேழு பேரை ஒரு வரியில் பூசி மெழுகிவிட்டார்கள். கொள்ளப்படவில்லையாம். யார் கொள்ளவில்லை? கவனிக்கப்படலாமாம். யார் கவனிப்பார்கள்? ஆளே இல்லாமல் வாக்கியம் எழுதுவது எப்படி என்று படித்தவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன். பஞ்சைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எதிர்காலத்துலயா? சரி. நான் இன்னைக்கு டூட்டிக்குப் போகணுமேடா."

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தார்கள். ஊர் எல்லையில் ஒரு வீடு. அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவள் இப்போது இரண்டு பஸ் மாறி, ஒன்றே முக்கால் மணி நேரம் போகிறாள். அதே அளவு நேரம் வருகிறாள். சுவர் தின்ற தூக்கத்தில் பாதியைப் பஸ் தின்கிறது. மாமா வேன் ஓட்டும் பள்ளிக்கூடமும் தூரமாகிப்போனது. கைக்குழந்தைக்காரி அதற்கு முன்பே போய்விட்டாள். படிக்கிறவன் போனான். படுக்கையில் கிடந்த பெரியவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலை நானும் பிடித்தேன். புதிதாகக் குடிவர வந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கினார்கள். வீட்டுக்காரர்கள் எத்தனை நாள் பூட்டி வைப்பார்கள்? கீழே இருக்கிற கடைக்காரர்களுக்கே மேலேயும் விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறு கணக்கெடுப்பு வந்தது. சொன்ன வாக்கைப் பேராசிரியர் காப்பாற்றியிருந்தார். புதுப் படிவத்தில் தரைத்தளம், முதல் தளம், இரண்டாம் தளம் என்று தனித்தனிக் கட்டங்கள். மாணவி, இப்போது அவளும் ஆசிரியை, அதை என்னிடம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த முறை எல்லா மாடியும் ஏறினேன். அக்காவின் கட்டடத்தில் கடை ஆள் சாவிக்கொத்தோடு முன்னால் போனார். அக்கா படுத்த அறையில் தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள், வாஷ்பேசின், சிங்க். சமையலறையில் குழாய்கள். மேம்பாலத்து இரைச்சல் அறை முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டிகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. "இங்க சத்தம் தாங்க முடியலங்க, நாங்க சாமான் எடுக்க மட்டும்தான் ஏறுவோம்" என்றார் அவர். நான் 'கிடங்கு' என்று எழுதினேன். பதினொரு கதவுக்கும் பதினொரு முறை எழுதினேன். தெரு முடிவதற்குள் அந்த வார்த்தையை எத்தனை முறை எழுதினேன் என்று எண்ணவில்லை. குடும்பம் என்று எழுத ஒரே ஒரு கதவுகூடக் கிடைக்கவில்லை.

படிவங்களைக் கணினியில் ஏற்றிய மறுநாள் பேராசிரியர் அவரே என் மேசைக்கு வந்தார். முகம் எல்லாம் பல்.

"பாத்தியா? மேல்தளமும் சேர்த்துப் பாத்தாச்சு. தென்புறத்துல குடியிருப்பு ஒண்ணுகூட இல்ல. நம்ம பழைய வரைபடம் நூத்துக்கு நூறு சரி. நீ அன்னைக்கு எவ்வளவு பதறின! இதுல ஒரு கையெழுத்துப் போடு, நேர்ல போய்ச் சரிபார்த்ததுன்னு."

அன்று பொய்யை எழுதும்போது கை எவ்வளவு சுலபமாகப் போயிற்று. இன்று அத்தனையும் உண்மை. பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை.

"நாம தப்பா எழுதினோம் சார்" என்றேன். "அவங்க வீட்டைக் காலி பண்ணி அதைச் சரியாக்கிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது நடந்து நாலு சாயங்காலம் ஆகிவிட்டது. தினமும் ஆள் அனுப்புகிறார். படிவம் என் மேசையில்தான் கிடக்கிறது. நான் போடமாட்டேன்.