பாலாற்று மணலுக்கு ஏற்ற சக்கரம்

ஆலன் வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்காமலே பேசினான். உள்ளங்கையில் இரண்டு தையல். போன வாரம் ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானத்தைக் கையால் வீசிவிட்டபோது அதன் விசிறி உரசிக் கிழித்த இடம்.

"இனிமே வீசுறது எல்லாம் கெடையாது அண்ணி. தரையில ஓடித்தான் ஏறணும். ஏறிச்சின்னா ரிமோட் உங்களுது. ஏறலைன்னா நாளைக்குப் பெங்களூர் போறப்ப எடுத்துட்டுப் போய்டுவேன். தோஸ்த் ஒருத்தன் கேட்டுனே இருக்கான்."

"ஏறும்" என்றாள் கிரேஸி.

"ஏறும் ஏறும். நீங்க ஒட்டுற செருப்பு ஒழைக்கிற மாதிரி."

2004ஆம் வருஷம், மழைக்கு மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி ஃபாக்டரிக்கு லீவு. ஆம்பூரில் இவ்வளவு பரந்த திடல் வேறு எங்கே இருக்கிறது? பாலாற்று மணல்தான். கிரேஸியுடன் அவள் தோழி தில்ஷாத்தும் வந்திருந்தாள். இருவரும் ஷூ ஃபாக்டரியில் ஒரே பிரிவு. பசை பிடிப்பதற்காக அடித்தோலின் மேற்பரப்பை மெஷினில் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது வேலை. கிரேஸிக்கு அதில் பன்னிரண்டு வருஷம்.

ஆலன் அவள் கணவனின் தம்பி. ஷார்ஜாவில் நாலு வருஷம் இருந்துவிட்டு ரிமோட்டும் மோட்டாருமாகத் திரும்பியவன். அவன் கட்டிய விமானம் இரண்டு தடவை மூக்கு நசுங்கியது. பிறகு தெர்மோகோலில் நாலடி இறக்கை வைத்து கிரேஸி ஒன்று கட்டினாள். அவன் வீசிவிட, அவள் ஓட்டினாள். மூன்றாவது தடவையே எட்டுப் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்துதான் அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மொதல்ல என்னோட சக்கரம்" என்றான் ஆலன். "கம்பெனி ஐட்டம்."

இரண்டு அங்குலம், கெட்டி ரப்பர், ஒல்லி. மாட்டினார்கள். கிரேஸி மோட்டாரை முடுக்கினாள். விமானம் ஒரு முழம் ஊர்ந்து நின்றது. சக்கரம் பாதி புதைந்திருந்தது.

"ஷார்ஜாவுல தார் ரோடு போட்டிருப்பான்" என்றாள் தில்ஷாத். "இங்க உங்களுக்கு எவன் போட்டான்?"

"வாய மூடு."

சக்கரம் எவ்வளவு புதைகிறதோ, அவ்வளவு உயர மேட்டை அது நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னச் சக்கரத்துக்கு அந்த மேடு சுவர். பெரிய சக்கரத்துக்கு அது வெறும் படி. அதற்காகப் பெரிய ரப்பர் சக்கரத்தை மாட்டினால் கனம் ஏறி விமானம் எழும்பாது. ஆகவே பெரிதாக, அகலமாக, லேசாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கிரேஸி வாரம் முழுக்க யோசித்து, செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் நுரை ஷீட்டில் மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு வட்டம் வெட்டியிருந்தாள். இரண்டும் சேர்ந்து ஒரு கோழி முட்டை எடைகூட வராது.

அவற்றை மாட்டினாள். விமானம் மணல்மேல் மிதப்பதுபோலக் கிளம்பியது. பத்தடி, பதினைந்தடி. அப்புறம் வேகம் குறைந்தது, வால் தூக்கியது, மூக்கு மண்ணில் குத்தி நின்றது.

ஆலன் கைதட்டினான், தையலையும் மறந்து. "ஆமென்! முடிஞ்சிச்சா?" பைக்கிலிருந்து அட்டைப்பெட்டியையும் டேப் சுருளையும் எடுத்து வந்தான். வரும்போதே கொண்டுவந்திருக்கிறான். "ரிமோட்டை உள்ள வைங்க அண்ணி. எனக்கு வேற வேலை இருக்குது."

கிரேஸி விமானத்தைத் தூக்கினாள். சக்கரம் முழுக்க ஈர மணல் அப்பி, ஒவ்வொன்றும் ஒரு இட்லி கனத்துக்கு வந்துவிட்டது. விரலால் வழித்தாள். வரவில்லை. மணல் பிடித்துக்கொண்டிருந்தது அவள் தேய்த்த சொரசொரப்பை.

யாரும் தேய்க்கச் சொல்லவில்லை. வெட்டியதும் கை தானாக மெஷினுக்குப் போயிருந்தது. பன்னிரண்டு வருஷமாக, தேய்க்காத எதையும் அவள் கீழே வைத்ததில்லை. பிடிப்பு இருந்தால்தானே நல்லது என்று ஒரு எண்ணம் வேறு.

எதற்குப் பிடிப்பு? பஸ்ஸின் சக்கரம் தரையைப் பின்னால் தள்ளித்தான் பஸ் முன்னால் போகிறது. அதற்குப் பிடிப்பு வேண்டும். விமானத்தை இழுப்பது விசிறி. சக்கரம் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி கூடவே உருண்டு வந்தால் போதும். எதையும் பிடிக்கக் கூடாது, எதுவும் அதைப் பிடிக்கக் கூடாது.

"தில்ஷாத், அந்த டேப்பை வாங்கு."

"அது பெட்டிக்கு" என்றான் ஆலன்.

"பெட்டிக்கு அப்புறம் ஒட்டிக்கலாம். இன்னா, பயமா?"

தில்ஷாத் அவன் கையிலிருந்து உருவிக்கொண்டாள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் சக்கரத்தைத் துடைத்து, வழுவழுப்பான பழுப்பு டேப்பை விளிம்பைச் சுற்றி இழுத்து ஒட்டினார்கள். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. தொழில் அது.

"ஒரே தடவை" என்றான் ஆலன். "பேட்டரி கம்மியாதான் இருக்கும்."

விமானம் ஓடியது. பதினைந்தடியைத் தாண்டியது. மணல் சக்கரத்தில் ஒட்டாமல் பின்னால் சிதறியது. வால் எழுந்தது, இந்த முறை மூக்கு குத்தவில்லை. முப்பதடியில் சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"யா அல்லா, போய்டுச்சு!" என்று கத்தினாள் தில்ஷாத்.

ஆலன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கிரேஸியை ஒட்டி வந்து நின்று ரிமோட்டின் ஓரத்தைப் பிடித்தான். "டேப் ஒட்டுனது கணக்குல வராது. குடுங்க."

"புடுங்கு" என்றாள் அவள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "புடுங்கினா விழும். உன் மோட்டார்தான் ஒடையும். நல்லா புடுங்கு."

அவன் கை அங்கேயே இருந்தது. விமானம் ரயில் பாலத்துப் பக்கம் சாய்ந்து திரும்பியது. அவளுடைய கட்டை விரல்கள் மட்டும் அசைந்தன. இரண்டாவது சுற்றில் கையை எடுத்துக்கொண்டான்.

"வயசுல பெரியவங்களாச்சேன்னு பாக்கறேன்."

"பாத்துக்கோ. மேல பாரு, அங்க இருக்குது."

பேட்டரி தளர்வதைச் சத்தத்திலேயே கண்டுகொண்டு கிரேஸி இறக்கினாள். சக்கரம் தொட்டது, துள்ளியது, உருண்டு நின்றது. ரிமோட்டை அணைத்து, ஏரியலை மடக்கித் தன் பைக்குள் வைத்தாள்.

ஆலன் பைக்கை உதைத்தான். அட்டைப்பெட்டிக்குள் எதையோ போட்டு முன்னால் வைத்துக்கொண்டான்.

"ரிமோட் உங்களுது. சொன்ன சொல் சொன்னதுதான்" என்றான். "சார்ஜரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

வண்டி மணலை வாரி இறைத்துக்கொண்டு கரையேறியது.

"பாவி!" என்றாள் தில்ஷாத். "இப்ப இன்னா பண்றது?"

கிரேஸி பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எண்ணினாள். "எட்டு செல். ஒவ்வொண்ணும் ஒண்ணே கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. இதுக்குச் சார்ஜர் ஒண்ணு கட்டிக்கலாம். நம்ம பஜாருல ரேடியோ ரிப்பேர் பாக்கறாரே கோவிந்தசாமி, அவரு கடை வெள்ளிக்கிழமை தொறந்திருக்குமா?"