பன்னிரண்டு நிமிடப் பயணம்

லாரி டிரைவரின் ஆறு வயது மகளை அந்த வார்டே 'மேனேஜர்' என்றுதான் கூப்பிட்டது. படுக்கையில் உட்கார்ந்தபடி அவள் போட்ட உத்தரவுகளில் பாதியைக்கூடப் பெரிய டாக்டர் தம் ஆயுளில் போட்டிருக்க மாட்டார்.

அவள் தலையிலிருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. மிச்சத்தைக் கதிர்வீச்சால் அழிக்க வேண்டும். முப்பது நாள் சிகிச்சை. ஒவ்வொரு நாளும் முகத்தில் வலை போன்ற மூடியை மாட்டிப் பலகையோடு பூட்டிவிடுவார்கள். தனியறையில் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். முடியாத குழந்தைக்குத் தினமும் மயக்க ஊசி. அதற்காகத் தினமும் காலைப் பட்டினி. ஏற்கெனவே ஈர்க்குச்சியாக இருந்தவள், முப்பது நாளில் காணாமலே போய்விடுவாளே என்று டிரைவர் கண்டவரிடமெல்லாம் புலம்பினார்.

"பத்து நாள் குடுங்க, பழக்கிப் பாக்குறேன்" என்று டாக்டரிடம் கேட்டு வாங்கினாள் விளையாட்டு டீச்சர். நோயாளிக் குழந்தைகளோடு விளையாடுவதற்கென்றே ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவள். ஒரு பொம்மை, காய் கழுவும் பிளாஸ்டிக் கூடை, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, இவற்றோடு வந்து இறங்கினாள். இவ்வளவு பெரிய வியாதிக்கு இத்தனூண்டு பொம்மையா என்று டிரைவர் தம் மனைவியின் காதைக் கடித்தார். ரகசியம்தான், மூன்று மாடிக்குக் கேட்டது.

"மொதல்ல அப்பா படுக்கட்டும்" என்றாள் மேனேஜர்.

கண் இமைக்காமல் ஆயிரம் மைல் ஓட்டுகிற மனிதர் பெட்டிக்குள் தலையை விட்டு, முகத்தில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு படுத்தார். நாற்பதாவது விநாடியில் மூக்கு அரித்தது. அந்த அரிப்பு அங்கிருந்து கிளம்பி உடம்பெல்லாம் சுற்றுலா போயிற்று.

"நீ ஃபெயிலுப்பா. உனக்கு ஊசிதான்."

வார்டு சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடிகள் பிழைத்ததே அதிசயம்.

மூன்றாம் நாள் அவளே கூடைக்குள் முகத்தை நுழைத்தாள். மறு நிமிடம் பிய்த்தெறிந்துவிட்டு அழுதாள். டீச்சர் போய் அதைப் பொறுக்கி எடுத்தாள். கூடையைப் பொம்மைக்கு மாட்டி, இதுக்கு என்ன பயமாம், கேட்டுச் சொல்லு என்றாள்.

மேனேஜர் பொம்மையின் வாயில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"கதவ மூடுனதும் அப்பா போயிடுவாரான்னு கேக்குது."

டிரைவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அன்றுமுதல் ஆட்டம் மாறியது. டிரைவர் கதவுக்கு வெளியே நின்று லாரிப் பயணம் ஒன்றைச் சொல்லுவார். அவர் வண்டியை நிறுத்துகிறவரை உள்ளே இருப்பவள் அசையக் கூடாது. முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. பத்தாம் நாள் பன்னிரண்டைத் தொட்டாள்.

நிஜ அறையில் கதவு மூடியது. வெளியே மைக்கைப் பிடித்தார் டிரைவர். கேமராத் திரையில் மகள் சாணளவு தெரிந்தாள். அதைப் பார்த்தால் குரல் உடையும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். பாலம் வந்தது, ரயில்வே கேட் வந்தது, நடுரோட்டில் ஒரு மாடு வந்து முறைத்தது.

மெஷின் நின்றது. டெக்னீஷியன் உள்ளே போய் மூடியைக் கழற்றினார். முடிஞ்சுது பாப்பா, எந்திரி என்றார். அவள் எழவில்லை. கையைத் தொட்டார். கல்லுப் பிள்ளையார் மாதிரி கிடந்தாள். டாக்டரைக் கூப்பிடத் திரும்பியபோதுதான் ஸ்பீக்கரில் இன்னும் லாரி ஓடிக்கொண்டிருப்பது அவர் காதில் விழுந்தது. டிரைவர் கண்ணைத் திறக்காமல் மலை ஏறிக்கொண்டிருந்தார்.

டெக்னீஷியன் குரல் கொடுக்க, டீச்சர் ஓடிவந்து டிரைவரின் தோளை உலுக்கினாள். "அண்ணே, வண்டிய நிறுத்துங்கண்ணே. புள்ள எந்திரிக்க மாட்டேங்குது."

"வண்டி நின்னுடுச்சும்மா" என்றார் மைக்கில்.

மேனேஜர் எழுந்து உட்கார்ந்து, மூக்கை ஆசை தீரச் சொறிந்துகொண்டாள்.

மயக்க ஊசிப் பட்டியலில் அவள் பெயரை டாக்டர் தம் கையாலேயே கோடு போட்டு அடித்தார். மறுநாள் விடிந்ததும் இரண்டு முட்டையும் நான்கு துண்டு ரொட்டியும் உள்ளே போன பிறகுதான் சிகிச்சைக்குக் கிளம்பினாள். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்த டிரைவர், எதிர்ப்பட்டவர்களை நிறுத்தி நிறுத்தி, மகள் அசையாமல் கிடந்த கதையைச் சொன்னார். லிஃப்டில் பன்னிரண்டு நிமிடம் அரை மணியாயிற்று. மருந்துக்கடை வாசலில் ஒரு மணி. கதிர்வீச்சு அறையை நெருங்கியபோது, அவர் கதையில் மெஷினே களைத்துப்போய்த் தானாக நின்றுவிட்டது.

"பன்னெண்டு நிமிஷம்தான்பா" என்றாள் அவர் தோளிலிருந்தவள். "இன்னைக்கு வேற ரூட்டு சொல்லு. அந்த மாடு வேணாம்."