அக்கா போட்ட சட்டை

எனக்கும் தாவோனுக்கும் லாவோஸில் சவன்னாகேத் சந்தையில் அடுத்தடுத்த கடை. இரண்டு பேரும் விற்பது ஒரே துணிதான். ஆகவே கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் சிநேகிதிகள். அப்படிப்பட்ட எனக்கே அவளைப் பார்த்து ஒருநாள் பயம் வந்தது. பட்டுத் துணியை ஒரு கிழவி பாதி விலைக்குக் கேட்க, இவள் பேசாமல் மடித்துக் கொடுத்துவிட்டாள். கேட்டவளே மிரண்டுபோய், ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியலக்கா. படுக்கறப்ப போகணும்னு இருக்கு. எழுந்தா இருக்கணும்னு இருக்கு. கடைக்கு வந்தா ரெண்டும் இல்ல."

விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். அவள் புருஷன் பூவோங்குக்கு ஆற்றின் அக்கரையில், தாய்லாந்தில், மின்விசிறி பழுது பார்க்கும் கடையில் வேலை. அங்கே அறை பிடித்துவிட்டு இவளைக் கூப்பிடுகிறான். இவளோ வீட்டுக்குக் கடைசிப் பெண். எங்கள் பக்கத்தில் அம்மாவின் வீடு கடைசிப் பெண்ணுக்கு, வீட்டோடு அம்மாவும். ஞாயிற்றுக்கிழமை வருவேன், சாயங்காலப் படகில் திரும்புவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

அவளுடைய அக்கா கேசோனிடம் பட்டு விற்ற கதையைச் சொன்னேன். "இவ குவான் எங்கயோ விழுந்துடுச்சு" என்று அவள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

குவான் உடம்புக்குள் குடியிருக்கிற சின்ன உயிர். மனம் அதிர்ந்தால் நழுவி, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆள் மட்டும் வெறுமனே நடமாடுவாள். அந்த இடத்துக்குக் கைவலையோடு போய், உரியவள் உடுத்திய சட்டையை அதில் போட்டு, கூப்பிட்டு அள்ளிவர வேண்டும். சட்டையின் வாசனையை வைத்துத்தான் அது ஆளை அடையாளம் கண்டுகொள்ளும்.

"எங்கடி விழுந்துச்சு? அவன் படகேறின படித்துறையிலதானே?" என்று தாவோனைக் கேட்டாள் கேசோன்.

"இருக்கலாம். அம்மா வழுக்கி விழுந்த கிணத்தடியிலயும் இருக்கலாம்."

ஒரே துணிக்கு இரண்டு விலை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே உயிரை இரண்டு இடத்தில் தொலைத்தவளை அன்றுதான் பார்த்தேன்.

"படித்துறைதான். அவன் பின்னாடி போனதைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தா, வீட்டோட கிடப்பா" என்று கேசோன் முடித்துவிட்டாள்.

ஞாயிறு மாலை படித்துறைக்குப் போனோம். பூவோங் பையோடு நின்றிருந்தான். "மீன் பிடிக்கவா வந்தீங்க?" என்றான். வலையில் சோற்றுருண்டை, அவித்த முட்டை, சட்டை. கேசோன் குனிந்து, கல்படிகளை ஒட்டி வலையால் காற்றை அள்ளி அள்ளி, "வா குவானே, வெயில்ல உக்காராத, அம்மா வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து வழக்கப்படி கேட்டாள்.

"வந்தாச்சா?"

உரியவள் 'வந்தாச்சு' என்று சொல்ல வேண்டும். தாவோன் வலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்தாச்சாடி?"

"அக்கா, அது உன் சட்டை."

"உன் கொடியிலேர்ந்துதானே எடுத்தேன்?"

"கொடி என்னுது. சட்டை நீ போட்டுட்டு எனக்குக் குடுத்தது."

கேசோன் சட்டையை எடுத்து விரித்தாள். கைப்பக்கம் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம் இருந்தது. "இது நான் அன்னிக்கு அக்கரைக்குப் போகணும்னு தேய்ச்சப்ப…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவ்வளவு வாய் உள்ளவள் அப்படியே படியில் உட்கார்ந்து, அக்கரையைப் பார்த்தாள். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை நான்.

"அப்ப இப்ப யாரோடது வந்திருக்கு?" என்றேன். தாவோன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"நாள் பூரா துணி விக்கறேன். எனக்குன்னு வாங்கின சட்டை ஒண்ணுகூட இல்லக்கா."

படகுக்காரன் மணி அடித்தான். பூவோங் பையைத் தோளில் மாட்டினான். "வர்றேன்னுதானே போன்ல சொன்ன?"

"இருக்கேன்னு அம்மாகிட்ட சொன்னாளே" என்றாள் கேசோன், திரும்பாமலே.

ஒரே துணியை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, இரண்டு பேரும் எடுத்துப்போக வந்து நிற்கிறபோது கடைக்காரிக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம் தாவோனுக்கு. ஆனால் அவள் ஓடி ஒளியவில்லை.

"ரெண்டும் நான் சொன்னதுதான். நீயும் அம்மாவும் கேட்ட கேள்விக்குச் சொன்னேன். எனக்குத் தெரியல. இன்னிக்குத் தெரியல. நீ போயிட்டு வா."

பூவோங் என்னைப் பார்த்தான். "அக்கா, இது ஆமாவா, இல்லையா?"

"வேற கடை பாத்துட்டு வர்றேன்னு கடையை விட்டு எறங்கறவ திரும்ப மாட்டா தம்பி. இவ எறங்கல. நிக்கிறா."

அவனுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். படகு போயிற்று.

குவான் வந்ததா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். கேசோன் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு முட்டையை உரித்தாள். திரும்பும் வழியில் தாவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கடையில மேல் தட்டுல ஒரு நீலம் இருக்கே, சட்டைக்கு, அது என்ன விலை?" என்றாள். சொன்னேன். பாதிக்குக் கேட்டாள்.

கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே நடந்தோம். இன்னும் படியவில்லை.