அக்தாவ் – ஒஸ்கெமென்

மாமனார் இறந்துவிட்டதை என் மனைவி ரய்ஹான் எனக்கு மட்டும்தான் சொன்னாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தவள் ஒஸ்கெமெனிலிருந்து பேசினாள்.

"தம்பிகிட்ட உடம்பு ரொம்ப முடியலன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. மத்தத வழக்கப்படி பெரியவங்க நேர்ல சொல்லிக்குவாங்க. போன்ல சொல்ற சேதியா இது?"

அவள் தம்பி ஒராஸும் நானும் அக்தாவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறோம். அக்தாவ் கஜகஸ்தானின் மேற்குக் கோடி. ஒஸ்கெமென் கிழக்குக் கோடி. இடையே இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். நேராகப் பறந்தால் மூன்றரை மணி நேரம் ஆகலாம். அன்று நேர் விமானம் இல்லை. அஸ்தானாவில் இறங்கி மாற வேண்டும்.

நான் அப்படியே சொல்லி அழைத்ததும், ஒராஸ் தன் அப்பாவுக்குப் புகையில் வாட்டிய மீன் வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்திருந்தான்.

"மாமனார் வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டு வர்ற ஒரே மாப்பிள்ளை நீங்கதான், அத்தான்."

"பொண்ணையே கூட்டிட்டுப் போனவன்டா நான். இனிமே எதைக் கொடுத்து என்ன?" என்றேன். எங்களுக்குள் எப்போதும் இப்படித்தான் பேச்சு. அன்று அப்படிச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் மீன் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அஸ்தானாவில் இறங்கியதும் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஓடுபாதையை மூடிவிட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஒராஸ் கவுன்டருக்கும் நாற்காலிக்குமாக நடந்தான்.

"இன்னும் எவ்வளவு தூரம்தான் இருக்கு அத்தான்? எண்ணூறு கிலோமீட்டர் இருக்குமா? ஒன்றரை மணி நேரப் பறப்பு. அவ்வளவுதானே?"

வீட்டுக்குப் போன் செய்தான். அப்பா தூங்குகிறார் என்று அக்கா சொன்னாளாம்.

"எப்பப் பாத்தாலும் தூக்கம்" என்று முணுமுணுத்தான்.

பிறகு எனக்கு ரய்ஹானின் அழைப்பு வந்தது. தள்ளிப்போய்ப் பேசினேன். புயல் அங்கேயும் வருகிறது, கல்லறைக்குப் போகும் பாதை மூடிவிடும், இனி காத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மதியத் தொழுகை முடிந்ததும் எடுக்கிறார்கள்.

பெற்ற மகன் பிடி மண் போட முடியாது. அவனுக்கு அது தெரியவும் கூடாது. யாரிடம் போய் முறையிடுவேன்? வானத்திடமா, கவுன்டர் பெண்ணிடமா?

மதியமானதும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

"வாடா, தொழுகை அறைக்குப் போவோம். அப்பாவுக்காக துஆ கேட்போம்."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து வந்தான். பக்கத்தில் முழங்காலிட்டு நெடுநேரம் கையேந்தினான். துஆவை முடித்து முகத்தைத் தடவிக்கொண்டபின் மெதுவாகக் கேட்டான்.

"மண்ணு போட்டுட்டாங்களா, அத்தான்?"

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"அக்கா தும்மினாக்கூட எனக்குப் போன் பண்ணி அழுவா. காலைல கல்லு மாதிரி பேசினா. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க கஷ்டப்பட்டு மறைக்கறீங்க, அதை நான் எதுக்கு உடைக்கணும்னு இருந்தேன்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் விமானம் கிளம்பியது. ஒஸ்கெமெனில் வீட்டுவாசலில் பெரியவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவன் ஏதும் அறியாதவன்போலத் தலைகுனிந்து நின்று, அவர்கள் முறைப்படி சொன்னதைக் கடைசி வரை கேட்டான். அதன்பிறகுதான் "அப்பா, என் மலையே!" என்று அலறி விழுந்தான்.

மறுநாள் விடிந்ததும் கல்லறைக்குக் கிளம்பினோம். ஊர் எல்லையில் போலீஸ்காரர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். பாதை பனியில் மூடிக் கிடந்தது.

"எவ்வளவு தூரம் இங்கேருந்து?" என்று கேட்டான் ஒராஸ்.

"பக்கம்தான்" என்றார் போலீஸ்காரர். "ஆனா போக முடியாது, தம்பி."