உள்ளே போக மறுத்த டிபக்கர்

டிபக்கர் மறுபடியும் தாண்டிவிட்டது. பூவிழி 'உள்ளே போ' பொத்தானை அழுத்துகிறாள். மஞ்சள் கோடு அடுத்த வரியில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துகொள்கிறது. நிரலை வரி வரியாக ஓடவிட்டுப் பிழை பிடிக்கத்தானே அந்தப் பாழாய்ப்போன டிபக்கர் இருக்கிறது? முன்பு இங்கே வேலை பார்த்த முஆஸ் எழுதிய மாட்யூல் என்ற நிரல் பகுதிக்குள் மட்டும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது.

பிற்பகல் மணி மூன்று இருபது. புதுச்சேரி உழவர்கரையில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகம்தான் தேங்காய்த்திட்டு விசைப்படகுகளுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்புகிறது. மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. அறுபத்தொரு நாள் கரையில் கிடந்த படகுகள் நல்ல நேரம் பார்த்து நாலு மணிக்குக் கிளம்புகின்றன. சாயங்காலம் சூறைக்காற்று என்று மூன்று மணிக்கே தகவல் வந்தும் ஒரு செல்போனுக்கும் எச்சரிக்கை போகவில்லை. கையால் அனுப்பவும் வழியில்லை, எல்லாம் அந்த மாட்யூல் வழியாகத்தான். கிளம்பும் படகு ஒன்றில் அவள் அப்பா கண்ணையன் இருக்கிறார்.

போன் போட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"போவாதீங்கப்பா. காத்து வருது."

"மெசேஜ் வரலியேம்மா. எம்பொண்ணு சொல்லுதுன்னா படகு டிரைவர் சிரிப்பாரு. ரெண்டு மாசமா சும்மா உக்காந்திருந்தவன் எவன் நிப்பான்? மெசேஜ் வந்தா மொத்தப் பேரும் நிப்பாங்க."

முஆஸ் ஜனவரியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டான். "போனவன் தலைவலிய இங்க விட்டுட்டுப் போயிட்டான்," என்று பல்லைக் கடித்தாள்.

பக்கத்து மேஜை ஃபரீஹா நாற்காலியோடு உருண்டு வந்தாள். "'என் நிரல் மட்டும்'னு ஒரு டிக் இருக்கும்க்கா. அது இருந்தா வெளி மாட்யூல் உள்ள போவாது."

"எடுத்துட்டேன். அப்பவும் தாண்டுது."

"எந்த செட்டிங்ல எடுத்தீங்க?"

இரண்டு செட்டிங் இருந்தன. சோதனைக்கானதை மாற்றிவிட்டு, நிஜத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். மூன்று நாற்பத்தெட்டு.

இந்த முறை மஞ்சள் கோடு மாட்யூலுக்குள் இறங்கியது. நாலாவது வரியில் ஒரு கேள்வி: தடைக்காலமா? பதில்: ஆம். ஆமாவா? நேற்றே முடிந்துவிட்டதே!

தடை பார்க்கும் ஊர்களின் பட்டியலைத் திறந்தாள். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே. இதில் ஏதாவது ஓர் ஊரில் தடை இருந்தாலும் எச்சரிக்கையை நிறுத்து என்று எழுதியிருந்தது. மாஹே இருப்பது மேற்குக் கடற்கரை. அங்கே ஜூலை கடைசி வரை தடை. ஒரே யூனியன் பிரதேசம் என்று நாலு ஊரையும் ஒரே மூட்டையாகக் கட்டிய அந்தப் புத்திசாலி யார்?

வரிக்குப் பக்கத்திலேயே பெயர் இருந்தது. பூவிழி. இந்த ஏப்ரலில், தடை தொடங்கியபோது.

"கரையில கெடக்கறவனுக்கு எதுக்கும்மா எச்சரிக்கை? கத்திக் கத்தித் தூங்க வுட மாட்டேங்குது," என்று அப்பாதான் கேட்டார். அன்றைக்கே முஆஸின் மாட்யூலில் அந்த வரியைச் சேர்த்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. படகின் சொந்த ஊரை மட்டும் பார்க்கும்படி திருத்தினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். எச்சரிக்கை போனபோது நாலு மணி தாண்டி மூன்று நிமிஷம்.

அப்பாவை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. நாலு பத்துக்கு ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. ஃபரீஹா எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பூவிழி மூன்றாம் முறை அழைத்தாள்.

நாலு இருபத்தைந்துக்குப் போன் வந்தது.

"முகத்துவாரம் வரைக்கும் போயிட்டோம்மா. அங்கதான் எல்லார் போனும் ஒண்ணா கத்துச்சு. டிரைவரே திருப்பிட்டாரு. எல்லாப் படகும் வந்துடுச்சு. கயிறு கட்டிக்கிட்டிருந்தேன், அதான் எடுக்கல."

அவள் வாய்விட்டு அழுதாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு? எந்த மடையன் பண்ண வேல?"

"நாந்தாம்ப்பா. நீங்க தூங்கணும்னு தடைக்காலத்துல நிறுத்தி வச்சேன்ல, அதுல தப்பு பண்ணிட்டேன்."

போனில் காற்று இரைந்தது.

"இனிமே தடைக்காலத்துலயும் கத்தட்டும்மா," என்றார் கண்ணையன். "தூக்கம் கெட்டா கெட்டுட்டுப் போவுது."